மூக்கு சொன்னால் சாப்பிடலாம்

எங்கள் கம்பெனியில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னை வெந்நீர் என்பார்கள். தேயிலை ருசி பார்க்கும் அறையில் கெட்டிலைக் கொதிக்கவைத்து, வரிசையாக இருக்கும் வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றுவது என் வேலை. என் குணத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று வரவேற்பறையில் இருக்கிற பெண் சொல்வாள். அவளுக்கு வாய் அதிகம். நாள் முழுக்கத் தொலைபேசியை எடுத்து ஹலோ, ஹலோ என்பதால் அவள் பெயரே ஹலோ ஆகிவிட்டது.

நான் சொல்லவந்தது எங்கள் இருவரைப் பற்றியும் இல்லை, மூக்கு என்று நாங்கள் கூப்பிடுகிற இன்னொருத்தியைப் பற்றி. அவளும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கெட்டிலுக்குப் போனேன், அவள் கோப்பைக்குப் போனாள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஒரே பெண், நர்ஸுக்குப் படிக்கிறாள். ஆள் பார்க்க ரொம்பச் சாதாரணம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால்கூட இறங்கியபின் முகம் ஞாபகம் இருக்காது. ஆனால் அந்த மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. ஒரு தடவை கிடங்குக்கு வந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி இலையை அள்ளி மோந்துவிட்டு, "இது வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்து வந்திருக்கு" என்றாள். லாரிக்காரர் இல்லவே இல்லை என்று சாதித்தார். பின்கதவைத் திறந்து பார்த்தால் மூலையில் வெங்காயச் சருகு. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் மூக்கு. சின்னவர்கள் மூக்கக்கா என்பார்கள்.

தேயிலை பொல்லாத சாமான். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் எங்கள் அறையில் சென்ட் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, வேலை நாளில் மதியச் சாப்பாட்டில் பச்சை வெங்காயமும் பூண்டும் கூடாது. வெளியே போய் வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டுமென்றால் அரைநாள் வேலை உள்ள சனிக்கிழமைதான். இன்னொரு வழக்கமும் உண்டு. ஆளுக்கொரு கரண்டியோடு கோப்பை கோப்பையாக உறிஞ்சித் தொட்டியில் துப்பிக்கொண்டே போவார்கள். முடித்தபின் இளையவர் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும், மூத்தவர் கடைசியில். பெரியவர்கள் முதலில் வாயைத் திறந்துவிட்டால் சின்னதுகள் ஆமாம் சாமி போட்டுவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் வைத்த வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால்தான் மூக்கு இரண்டு மாதம் ஒளிந்திருந்தாள்.

அதற்கு முன் ஹலோவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு எள் ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தடிப்போடு போகிற சமாசாரம் இல்லை, தொண்டை அடைத்துவிடும். கல்யாணமான புதிதில் ஒரு பேக்கரியில் எள் இருக்கா என்று கேட்டுத்தான் ரொட்டி வாங்கினாள். இல்லை என்றார்கள். மேலே தடவிய எண்ணெயில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது புருஷன் அழுது அழுது சட்டையே நனைந்திருந்தது என்று அவளே சொல்வாள். அதிலிருந்து கடைக்காரர்கள் வாய்ச்சொல்லை அவள் நம்புவதில்லை. தொடையில் குத்திக்கொள்ளும் ஊசி ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும். அதைவிட அவள் நம்பியது மூக்கைத்தான். எங்கே சாப்பிடப் போனாலும் தன் தட்டை முதலில் மூக்கின் முன்னால் நீட்டுவாள். மூக்கு குனிந்து ஒரு இழுப்பு இழுத்து, "சாப்பிடுடி" என்றால் சாப்பிடுவாள். இரண்டு தடவை "வேண்டாம், கீழ வை" என்று மூக்கு சொல்ல, விசாரித்ததில் இரண்டிலும் எள் இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

எந்த டாக்டர் இதைக் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வார். நானே சொல்லியிருக்கிறேன். "சமையக்காரங்களக் கேளுடி. இவ என்ன எக்ஸ்ரேயா?" என்றால், "கேட்டேனே அன்னிக்கு, போய்ச் சேர்ந்திருப்பேன்" என்பாள். மூக்கை வைத்துப் பிழைக்கிற கூட்டத்தோடு சேர்ந்தால் புத்தியும் மூக்கு நுனியிலேயே நின்றுவிடும் போலிருக்கிறது.

இதில் மூக்குக்கு ஒரு குறும்பு வேறு. சில நாள் ஹலோவின் தண்ணீர் டம்ளரை வாங்கி மோந்துவிட்டு, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "இருக்கு, குடிக்காத" என்பாள். ஹலோ ஒரு நிமிஷம் திருதிருவென்று விழிப்பாள். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் எனக்குத்தான் எரிச்சல் வரும்.

ஒரு சமயம் மூக்குக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். காய்ச்சல் போயிற்று, போகும்போது சும்மா போகவில்லை. ஒருநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த வீட்டுக்காரர் ஓடிவந்து, "ஏம்மா, வீடே தீயுற வாடை அடிக்குது, நீ பாட்டுக்கு நிக்கிற" என்று அடுப்பை அணைத்தார். பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதோ யோசனை என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் வேலைக்குப் போனதும் காப்பித் தூள், மண்ணெண்ணெய், அவருடைய அழுக்குக் காலுறை என்று ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்தாள். வினிகர் மட்டும் உள்ளே கொஞ்சம் எரிந்தது. மற்றதெல்லாம் வெறும் காற்று. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

புருஷனிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது. அப்போதே சொல்லியிருந்தால் நாலு அறை விட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். இருபது வருஷமாக மூக்கு மூக்கு என்று கூப்பிட்டவர்கள் இனி என்னவென்று கூப்பிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது.

நாக்கு இருந்தது, துவர்ப்பும் கசப்பும் தெரிந்தன. கண் இருந்தது, சாயத்தின் நிறமும் வெந்த இலையின் நிறமும் பாதி சேதியைச் சொல்லிவிடும். மணத்துக்கு வழக்கம் கைகொடுத்தது. சின்னவர்கள், "லேசா புகை வாடை" என்பார்கள். கடைசியில் இவள், "ஆமா, லேசா" என்பாள். பேச்சைக் குறைத்துக்கொண்டதில் இவள் மதிப்பு இன்னும் ஏறிற்று, அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

அதற்கு அடுத்த மாதம் ஆபீசுக்கு ஒரு கேக் வந்தது. ஹலோ வழக்கம்போலத் தட்டை நீட்டினாள். எப்போதும் வாங்குகிற கடை, எப்போதும் வாங்குகிற கேக். மூக்கு நன்றாக இருந்த நாளில் பலதடவை மோந்து பார்த்தது. இவள் குனிந்து வெறும் காற்றை இழுத்துவிட்டு, "சாப்பிடுடி" என்று சொல்லிவிட்டாள்.  ஹலோ தின்று முடித்துக் கை கழுவிக்கொண்டு அடுத்த போனை எடுக்கும்வரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இனிமேல் இப்படிச் செய்வதில்லை என்று அன்றைக்கு முடிவு பண்ணினாள். ஆனால் எப்படிச் செய்யாமல் இருப்பது என்று தெரியவில்லை.

இந்தச் சமயத்தில் ருசி அறையின் தலைவர் ஓய்வு பெற்றார். மேனேஜர் வந்து, "திங்கக்கிழமையிலேருந்து அந்த நாற்காலி உங்களுக்குத்தான் மூக்கம்மா. சனிக்கிழமை என்னோட விருந்து" என்றார். மேனேஜர் நல்ல மனுஷர், சாப்பாட்டு ராமர். எங்களோடு அடிக்கடி வெளியே சாப்பிட வருகிறவர். எங்கே போகலாம் என்று கேட்டதும் ஹலோ முந்திக்கொண்டாள்.

"தெருமுனையில புதுசா ஒரு லெபனான் ஓட்டல் தெறந்திருக்காங்க சார். ரொட்டி சுடுற வாசன மாடி வரைக்கும் வருது. இல்லக்கா?"

மூக்கு, தனக்கு வராத வாசனைக்குத் தலையாட்டினாள். என்னையும் கூப்பிட்டார்கள். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்று கேட்டேன். "ஓசிச் சாப்பாட்டுக்குத்தான்" என்றாள் ஹலோ. அவளுக்கு வாய் அதிகம் என்று முன்பே சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க மூக்குக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. தலைவராகிவிட்டால் புதுச் சரக்கு வரும்போது தனியாகக் கோப்பை பார்த்துச் சொல்ல வேண்டும். அது திங்கட்கிழமைப் பயம். சனிக்கிழமைப் பயம் அதைவிட மோசம். தெரிந்த சாப்பாடு என்றால் கண்ணைக் கொண்டு சமாளிக்கலாம். லெபனான் சாப்பாடு அவள் வாழ்நாளில் தின்றதில்லை, எது எப்படி மணக்க வேண்டும் என்றே தெரியாது. ருசி அறையில் அவள் கடைசி ஆள். சாப்பாட்டு மேசையில் அவள்தான் முதல் ஆள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாமென்று பார்த்தால் விருந்தே அவளுக்காகத்தான். யாருக்கும் தெரியாமல் சமையலறையில் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

போனால், எள் விழ இடமில்லாத கூட்டம். பழமொழிகூட அன்றைக்கு எள்ளாகத்தான் வந்து தொலைக்கிறது. ஆடம்பரமெல்லாம் இல்லாத கடை. கல்லாவில் சொல்லிவிட்டு, எண் போட்ட கட்டையை வாங்கிவந்து மேசையில் வைத்தால் கொண்டுவந்து தருவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கோழிக்கறி குத்திய கம்பிகள் நெருப்பில் திரும்பிக்கொண்டிருந்தன. மேனேஜர் சுவரில் இருந்த படத்தைக் காட்டி நாலு பேருக்கான பெரிய தட்டு ஒன்று சொன்னார்.

"கை கழுவிட்டு வரேன்" என்று மூக்கு எழுந்தாள். கை கழுவுகிற இடத்தைத் தாண்டிச் சமையலறைக் கதவுப் பக்கம் போய், தட்டுகளோடு வெளியே வந்த ஒருவரை நிறுத்தினாள்.

"தம்பி, சாப்பாட்டுல எள்ளு போடுவீங்களா?"

"எள்ளா? மேல தூவுறதில்லீங்க."

"மேல சரி. உள்ள?"

அதற்குள் யாரோ பெயர் சொல்லிக் கத்த அவர் ஓடிவிட்டார். கதவைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே ஒரே ஆவி, இரைச்சல். இவள் குரல் யார் காதிலும் ஏறவில்லை. பின்னாலிருந்து ஹலோ கூப்பிட்டாள்.

"அக்கா, வந்துடுச்சு. வாங்க."

மேசை நிறையச் சாப்பாடு. வட்ட வட்டமாகச் சூடான ரொட்டி. மையாக அரைத்த கொண்டைக்கடலை விழுது ஒரு கிண்ணத்தில், நடுவில் எண்ணெய் ஊற்றி; அதற்கு ஹம்மூஸ் என்று பெயராம். சுட்ட கத்தரிக்காய் விழுது இன்னொரு கிண்ணத்தில். பொடிப்பொடியாக நறுக்கிய கீரையும் தக்காளியுமாக ஒரு சாலட். பொரித்த உருண்டைகள். கம்பியிலிருந்து உருவிய கோழிக்கறி. எதிலும் ஒரு எள்மணி கண்ணில் படவில்லை. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நீராவியிலேயே நின்று நின்று என் மூக்கு எப்போதோ மழுங்கிவிட்டது; எனக்கே பூண்டு மணத்தது. மூக்குக்கு அதுவும் இல்லை.

ஹலோ எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தன் தட்டில் வைத்து, தட்டை மூக்கின் முன்னால் தள்ளினாள். மேனேஜர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூக்கு முதலில் மோந்து முடிக்காமல் யாரும் தொட மாட்டோம், அது எங்கள் பழக்கம். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

அவள் குனிந்தாள், மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தாள். ருசி அறையில் என்றால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து எதையாவது பிடித்துக்கொள்வாள். இங்கே எங்கள் முகத்தில் பசியைத் தவிர ஒன்றும் இல்லை. மேலே தூவுவதில்லை என்றாரே, அப்படியென்றால் உள்ளே இருக்கா இல்லையா?  எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம், பசியோடு போனாலும் உயிரோடு போவாள் என்று அந்த நொடியில் முடிவு செய்தாளாம்.

"இந்தக் கடலையில இருக்குடி. தொடாத" என்றாள்.

ஹலோ முகம் வாடியது. "சரி. கத்திரிக்கா?"

"அதுலயும் இருக்கு."

"உருண்டை?"

"அதுலயும்."

"சாலட்டாவது சாப்பிடலாமாக்கா?"

"வேண்டாம். அதுலயும் இருக்கு."

மேனேஜர் சிரித்துவிட்டார். "தக்காளியிலயுமா? என்னங்க மூக்கம்மா, மூக்கு இன்னிக்கு லீவா?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போன பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, சாலட்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டார்.

"கீரை, தக்காளி, எலுமிச்சம்பழம், ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதாங்க."

"எள்ளு?"

"இந்தம்மாகிட்ட அப்பவே சொன்னேனே. நாங்க தூவுறதே இல்ல."

அவர் போய்விட்டார். ஹலோ மூக்கைப் பார்த்தாள். மூக்கின் முகம் கல்லாக இருந்தது. பயத்தில் இறுகிய முகம் அது. எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கும் ஹலோவுக்கும் அது தண்ணீர் டம்ளர் முகமாகத்தான் தெரிந்தது.

"அக்கா என்னை ஓட்டுறாங்க சார்" என்று ஹலோ சிரித்தாள். "புது நாற்காலி வந்ததும் குறும்பும் கூடிடுச்சு."

"இல்லடி, நெஜமாத்தான் சொல்றேன். வேண்டாம்."

"நீங்க எப்பவும் இதத்தான்க்கா சொல்வீங்க." ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துக் கடலை விழுதில் வழித்து எடுத்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூக்கு பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தண்ணீர் டம்ளர் உருண்டு மேனேஜர் மடியில் கொட்டிற்று.

"எனக்கு மணக்கலடி" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "உன்ன ஓட்டல, ஒண்ணும் இல்ல. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எதுவுமே மணக்கல. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. கீழ போடு."

ரொட்டி ஹலோவின் விரலிலிருந்து விழுந்தது. ஆனால் அதற்குள் ஓரம் அவள் உதட்டில் பட்டுவிட்டது. பழக்கத்தில் நாக்கால் நக்கியும்விட்டாள்.

மேனேஜர் ஈரத்தைக்கூடத் துடைக்காமல் சமையலறைக்குள் புகுந்தார். சமையல்காரர் கையில் ஒரு பெரிய ஜாடியோடு வெளியே வந்தார். உள்ளே வெளுத்த, கெட்டியான விழுது. "தூவ மாட்டோம் சார். அரைச்சுத்தான் சேப்போம். எள்ளு விழுது இல்லாம ஹம்மூஸே கெடையாது. கத்திரிக்காயிலயும் இருக்கு" என்றார். அவர் மேல் தப்பில்லை. அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு அதுதான் அடிப்படை. தெரியாமல் போனவர்கள் நாங்கள்.

ஹலோ தொண்டையைச் செருமினாள். இன்னொரு தடவை செருமினாள்.

"உதடு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். வாய் அதிகமான அந்தப் பெண் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. கீழ் உதடு என் கண்ணெதிரே தடித்தது.  கைப்பையைத் திறக்கப்போன என் விரலுக்கு ஜிப் அகப்படவே இல்லை. மூக்குதான் பையைப் பிடுங்கிக் கவிழ்த்து, ஊசியைத் தேடி எடுத்து, மூடியைக் கழற்றி, புடவை மேலேயே ஹலோவின் தொடையில் அழுத்திப் பிடித்தாள். வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. ஊசி பிடித்த கை மட்டும் ஆடவில்லை.

மேனேஜரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின் இருக்கையில் ஹலோ நடுவில். அவள் விடுகிற மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. "பேசாத, மூச்சு விடு, மூச்சு மட்டும் விடு" என்று மூக்கு சொல்லிக்கொண்டே வந்தாள். சிக்னலில் நின்றபோதெல்லாம் எனக்கு இறங்கி அந்தச் சிவப்பு விளக்கை உடைக்கலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியோடு வந்த நர்ஸிடம் ஹலோ என்ன தின்றாள், எவ்வளவு தின்றாள், எப்போது ஊசி போட்டோம் என்று மூக்கு ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஹலோவின் புருஷனுக்கு நான்தான் போன் பண்ணினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. மேனேஜர் ஈரப் பேண்டோடு நின்றபடியே கேட்டார்.

"ரெண்டு மாசமா நீங்க பாத்துச் சொன்ன சரக்கெல்லாம்?"

"மத்தவங்க சொன்னதத்தான் சார் சொன்னேன்."

 மேனேஜர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நல்ல மனுஷர்களுக்குக் கோபம் வந்தால் பார்க்கச் சகிக்காது. நான் நல்ல மனுஷி இல்லை, அதனால் நேராகவே கேட்டேன். "அடிப்பாவி, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா நெஜமாயிடும்னு பயந்தேன்" என்றாள்.

மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி போச்சு, பெயர் போச்சு, எதுவும் அப்போது அவள் கணக்கில் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். கடைசியில் ஒரு டாக்டர் வந்து, சரியான நேரத்தில் ஊசி போட்டிருக்கிறீர்கள், சாயங்காலம்வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார். போன உயிர் திரும்பி வந்தது. மூக்கு அழுதாள். நானும்தான்.

உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். ஹலோ வீங்கின உதட்டோடு சாய்ந்திருந்தாள். புருஷன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றாள். ஹலோ அவளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். குரல் கரகரவென்று வந்தது. "போன மாசம் கேக்கு?"

மூக்கு தலையைக் குனிந்துகொண்டாள்.

"மோந்து பாத்துட்டுச் சாப்பிடுன்னு சொன்னீங்களே. அன்னிக்கு மணந்துச்சா?"

"இல்லடி."

ஹலோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கோப்பைகளை வரிசையாக வைத்து நான் தண்ணீர் ஊற்றி முடித்தேன். சின்னவர்கள் உறிஞ்சித் துப்பி முடித்ததும், இளையவள் வாயைத் திறக்கப் போனாள். வழக்கத்தை மீறி மூக்கு முதலில் பேசினாள். எனக்கு மணம் தெரியவில்லை, இனி நான் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அந்த இரண்டு மாதச் சரக்கையும் மறுபடி பார்த்தார்கள். ஒன்றும் பழுதில்லை. சின்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. மேனேஜர் இவளை வெளியே அனுப்பவில்லை. கோப்பைகளுக்கு இலை நிறுத்துப் போடுகிற வேலையில் என் பக்கத்தில் போட்டார். டாக்டர், மணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் காப்பித் தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

ஹலோ வேலைக்கு வந்தாள், ஆனால் மூக்கோடு பேசவில்லை. ஊருக்கெல்லாம் ஹலோ சொல்கிறவள் இவளைப் பார்த்தால் போனைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். இவளும் வலியப் போய்ப் பேசவில்லை. "கோபம் இருக்கட்டும், அவ பயந்துதானே போயிருக்கா" என்பாள் என்னிடம். வெளியே சாப்பிடப் போவதே நின்றுபோயிற்று. ஹலோ வீட்டுச் சோற்றைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று கேள்வி.

ரொம்ப வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. நல்ல மழை. பஸ்ஸுக்கு நின்ற எங்கள் இருவர் பக்கத்தில் குடையோடு ஹலோ வந்து நின்றாள். எதிரே ஒரு சின்ன சூப் கடை இருந்தது. "குளிருது. ஏதாவது சூடா சாப்பிடலாமா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம்.  சூப் வந்தது.

ஹலோ தன் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் அதை மூக்கின் முன்னால் நகர்த்தினாள். மூக்கு அப்படியே உறைந்துபோனாள்.  இவளுக்கு என்ன பைத்தியமா என்று திட்ட வாயெடுத்தேன்.

"மோந்து பாக்க வேணாங்க்கா" என்றாள் ஹலோ. "உள்ள போய்க் கேட்டுட்டு வாங்க."

மூக்கு எழுந்து போனாள். சமையலறை ஜன்னல் வழியாக எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சமையல்காரரை ஒவ்வொரு டப்பாவாக இறக்கவைத்து, மூடியைத் திறக்கவைத்து, விரலால் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் டின்னைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். அந்த ஆள் தலையைச் சொறிந்தார். என் சூப் தீர்ந்துபோயிற்று. ஹலோவின் கிண்ணம் ஆறி, மேலே ஆடை கட்ட ஆரம்பித்தது. அவள் கரண்டியைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தாள்.